துவையல் வேறு, மாத்திரை வேறு



சென்ற இதழில் துவையல் வகைகளைப் பற்றி வந்த கட்டுரையில் பிரண்டைக்கு நாலே வரிதான் ஒதுக்கியிருந்தோம். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள், மற்ற துவையல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். பாதிக் கடிதங்கள் செய்முறையைத் திருத்தின. தேங்காய் வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி, வைக்காமல் எப்படி என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் ஆசிரியர் தலையிடுவதாக இல்லை.

மீதிக் கடிதங்கள் மருந்தைப் பற்றியவை. அவற்றில் ஒன்று என்னை உட்காரவிடவில்லை. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், கைபேசியில் வந்த காணொளி ஒன்றில் பிரண்டை மாத்திரை சாப்பிட்டால் எலும்பு தானே கூடிவிடும் என்கிறார்கள், அறுவையைத் தள்ளிப் போடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தள்ளிப் போடவே கூடாது என்று அவருக்கு அன்றைக்கே பதில் போய்விட்டது. வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். சீக்கிரம் எழுப்பி உட்காரவைப்பதுதான் அவர்கள் உயிரைக் காக்கும். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் இந்தப் பக்கம் முழுவதும் பிரண்டை.

வேலியில் படர்ந்து கிடக்கும் இந்தக் கொடியைப் பார்த்தால் யாரும் திராட்சையின் உறவு என்று சொல்லமாட்டார்கள். உறவுதான். திராட்சைக் குடும்பத்தில், சதைப்பற்றான தண்டோடு வறட்சிக்குப் பழகிக்கொண்ட கிளை இது. பழைய ஆங்கிலேயர் காலத்து மூலிகை நூல்களில் திராட்சையின் பேரினத்திலேயே வைத்து எழுதியிருப்பார்கள். இன்றைய அறிவியல் பெயர் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். நாலு பட்டையாகச் சதுரித்த தண்டு, கணுவுக்குக் கணு ஒடுங்கி மறுபடி பருக்கும். இலை பேருக்குத்தான் இருக்கும், வெயில் ஏறினால் அதையும் உதிர்த்துவிடும். தண்டே பச்சையாக இருப்பதால் இலையின் வேலையை அது பார்த்துக்கொள்கிறது.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இலை நம் வீட்டு முருங்கை, வேம்பு போலப் பகலில் காற்றை வாங்கிச் சமைக்கிறது. தண்டு கற்றாழை, கள்ளி வழியில் போகிறது. பகல் முழுக்கத் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு நீரை மிச்சம் பிடித்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அதை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, விடிந்ததும் அந்தச் சேமிப்பை எடுத்து உணவாக்குகிறது. ஒரே செடியில் இரண்டு சமையலறை. 1983-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். இதனால் விடிகாலையில் பறிக்கும் தண்டில் புளிப்பு கூடியிருக்கும், சாயங்காலம் குறைந்திருக்கும். சோதிக்கிறேன் என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். "பெத்த வயித்துல பிரண்டையத்தான் வச்சுக் கட்டணும்" என்று பிள்ளைகளால் நொந்துபோன தாய்மார்கள் சும்மாவா சொன்னார்கள்? பிரண்டையின் சதைக்குள் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. தண்டை ஒடித்தால் ஊசிகள் வெளியே வந்து தோலில் தைக்கும், வாயில் வைத்தால் நாக்கிலும் தொண்டையிலும் தைக்கும். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பதும் இதே ஊசியால்தான். தன்னை மேயவரும் ஆட்டுக்கு அந்தச் செடி வைத்திருக்கும் எச்சரிக்கை அது.

இந்த ஊசியை நம் வீட்டுப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதில்தான் எனக்கு மிகுந்த மரியாதை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வது, முற்றல் தண்டை விட்டு நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளுவது, கணுவை நறுக்கி எறிவது, பட்டையோரத்து நாரை உரிப்பது, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை விடாமல் வதக்குவது, புளியைக் கொஞ்சம் தாராளமாக வைப்பது. இதில் ஒன்றைக் குறைத்தாலும் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கும் வற்றல், சாறெடுத்து அந்தச் சாற்றில் உளுந்து மாவைப் பிசைந்து இடும் அப்பளம் எல்லாம் இதே அறிவின் வெவ்வேறு கிளைகள். இலங்கையில் சிங்களவர்கள் ஹீரெஸ்ஸ என்று பெயர் சொல்லி இதையே கறியாக வைக்கிறார்கள். தாய்லாந்தில் இன்னொரு தந்திரம்: பச்சைத் தண்டைச் சிறு துண்டாக நறுக்கி, கனிந்த வாழைப்பழத்துக்குள் பொதிந்து மெல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். ஊசிக்கு நாக்கைத் தொட வாய்ப்பே கிடையாது!

திதிச் சாப்பாட்டில் பிரண்டைத் துவையல் இடம்பிடித்த கதையைப் பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வசிட்டர் வீட்டுத் திதிக்கு வந்த விசுவாமித்திரர் 1008 கறி வேண்டும் என்று கேட்க, பாகல் 100-க்குச் சமம், பிரண்டை 300-க்குச் சமம், பலா 600-க்குச் சமம், மேலே எட்டுக் கறி வைத்தேன், கணக்குச் சரியாகிவிட்டது என்று அருந்ததி பதில் சொன்னதாகக் கதை. உளுந்தும் தயிரும் பாயசமும் வயிறு கனக்க உண்ணும் ஒரு நாளில், செரிமானத்துக்கு என்று ஒரு துவையலை விருந்தின் நடுவே வைத்துவிட்டார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

வயிற்றுக்குப் பிரண்டை என்பது சித்த மருத்துவத்தில் பழைய வழக்கம். பசியின்மை, வாயு, குன்மம், மூலம் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். வெளிப்பூச்சாக இன்னொரு உபயோகம்: சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் கரைத்துக் குழம்பாகக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போடுவார்கள். வயிற்றைப் பொறுத்தவரை ஆய்வகத்திலும் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது. வலி மாத்திரையால் எலியின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, பிரண்டைச் சாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2000-களின் நடுவில் வெளியிட்டார்கள். சாரம் பெற்ற எலிகளுக்குப் புண் குறைந்திருந்தது. எலி ஆய்வு என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பிரண்டை உப்பைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். தண்டை உலர்த்தி, எரித்துச் சாம்பலாக்கி, நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து வெயிலில் வைத்தால் வெள்ளையாக ஒரு உப்புப் படியும். நாட்டு மருந்துக் கடைகளில் இது கிடைக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெருப்பில் போட்டபோது செடியின் கரிமப் பொருட்கள் எல்லாம் எரிந்து போயின. கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகளும் நெருப்பில் சுண்ணாம்புப் பொருளாக மாறி, நீரில் கரையாமல் அடியில் தங்கிவிடும். தெளிந்த நீரோடு வருவது பெரும்பாலும் பொட்டாசியம் சார்ந்த காரம்தான். வயிற்றுப் புளிப்பை அது தணிக்கலாம். எலும்பை வளர்க்கும் என்று ஆய்வகத்தில் பேசப்படும் பொருட்களில் ஒன்றுகூட அதில் மிஞ்சியிருக்க வழியில்லை. சிறுநீரகம் பழுதானவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும் நிலையில் இருப்பவர்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

இனி எலும்புக்கு வருவோம். இந்தியில் இதன் பெயரே ஹட்ஜோட், அதாவது எலும்பைக் கூட்டுவது. வடமொழி வைத்திய நூல்களிலும் முறிவுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள். லாக்ஷா குக்குலு என்று ஆயுர்வேதக் கடைகளில் விற்கும் மாத்திரையில் அரக்கோடும் குங்கிலிய வகைப் பிசினோடும் பிரண்டையும் சேருகிறது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் காசி இந்து பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் கே.என். உடுப்பா. ஆயுர்வேதம் படித்துவிட்டு, பிறகு வெளிநாடு சென்று நவீன அறுவை மருத்துவமும் பயின்றவர். ஆயுர்வேதத்தின் நிலையை மதிப்பிட மத்திய அரசு 1958-ல் அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த இப்படிப்பட்ட மனிதர்கள் கையில் விழுந்தது பிரண்டையின் அதிர்ஷ்டம்.

1960-களின் தொடக்கத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வரிசையாகச் சில ஆய்வுகளை வெளியிட்டார்கள். எலும்பு முறிந்த விலங்குகளில் ஒரு பகுதிக்குப் பிரண்டைச் சாரம், ஒரு பகுதிக்கு ஒன்றுமில்லை. பிறகு கூடிய எலும்பை இழுத்தும் வளைத்தும் அது எவ்வளவு பலத்தைத் தாங்குகிறது என்று அளந்தார்கள். கால்சியம்-45 என்ற கதிரியக்கக் கால்சியத்தைச் செலுத்தி, முறிந்த இடத்தில் அது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்த்தார்கள். சாரம் பெற்ற விலங்குகளில் எலும்பு சீக்கிரம் கூடியது, கால்சியமும் சீக்கிரம் படிந்தது. கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் எலும்பு கூடுவது தாமதப்படும் அல்லவா, அந்தத் தாமதத்தையும் பிரண்டை ஓரளவு ஈடுகட்டியதாக எழுதினார்கள். நாட்டுச் சொல்லைக் கேட்டுவிட்டு அதை எடைக்கல்லில் போட்டுப் பார்த்த இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் எந்தக் காணொளியிலும் அவர் பெயர் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

"பிரண்டையில் கால்சியம் அதிகம், அதனால் எலும்பு கூடுகிறது" என்று ஒரு விளக்கம் ஊரெங்கும் சுற்றுகிறது. சில பத்திரிகைகளும் அப்படியே எழுதிவிடுகின்றன. பிரண்டையில் கால்சியம் உண்டு, மறுக்கவில்லை. அதில் பெரும்பங்கு முன்பு சொன்ன ஊசியாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்ஸலேட்டோடு சேர்ந்துவிட்ட கால்சியத்தை நம் குடல் மிகக் கொஞ்சமாகத்தான் பிரித்தெடுக்கும். கால்சியம் வேண்டுமென்றால் ஒரு டம்ளர் மோரோ ஒரு பிடி கேழ்வரகு மாவோ சுலபமான வழி. எலும்பில் பிரண்டை எதையாவது செய்கிறதென்றால், செங்கல் கொண்டுவந்து கொடுப்பதால் அல்ல, கொத்தனாரை எழுப்பிவிடுவதால் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எலும்பைக் கட்டும் செல்களை வளர்த்துப் பிரண்டைச் சாரம் கலந்தால் அவை சுறுசுறுப்பாகின்றன, எலும்பு உருவாகும் இடத்தில் கூடும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் கூடுகிறது. தாய்லாந்திலும் மணிப்பாலிலும் இதைச் செய்து பார்த்தார்கள். சினைப்பை எடுக்கப்பட்டு எலும்பு மெலிந்த எலிகளில், மணிப்பால் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் மெலிவு குறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதை ஆய்வகத்தில் ஒத்திகை பார்க்கும் வழி அது.

செடிக்குள் இதற்கு யார் பொறுப்பு? தாவர ஸ்டீரால்கள், ஃபிளாவனாய்டுகள், திராட்சைத் தோலில் இருப்பதால் பிரபலமான ரெஸ்வெரட்ரால், அதன் உறவினரான குவாட்ராங்குலாரின் என்று சில பேர்கள் பட்டியலில் இருக்கின்றன. எது முதலாளி, எது கூலிக்காரன் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த ஆய்வுகளில் பலவும் சாராயத்திலோ பெட்ரோலியம் ஈதரிலோ ஊறவைத்து இறக்கிய சாரத்தைக் கொண்டு நடந்தவை. நம் வீட்டு அம்மியில் பெட்ரோலியம் ஈதர் ஊற்றுவதில்லை. ஈதரில் இறங்கியது புளித்தண்ணீரிலும் இறங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. துவையலைச் சாப்பிட்டுவிட்டு ஆய்வகத்து எலியின் பலனை எதிர்பார்ப்பதும், ஆய்வகச் சாரத்தை மாத்திரையாக விழுங்கிவிட்டுப் பாட்டி காலத்து உணவுதானே, என்ன ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் ஒரே குழப்பத்தின் இரண்டு முனைகள்.

மனிதர்களில் என்ன நடந்தது? தாடை எலும்பு முறிந்தவர்களில் சிறு ஆய்வுகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன, நம்பிக்கை தரும் முடிவும் சொல்கின்றன. கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 2013-ல் அமெரிக்காவில் உடற்பயிற்சியால் மூட்டுவலி வந்த 29 ஆண்களுக்கு எட்டு வாரம், நாளொன்றுக்கு 3,200 மில்லிகிராம் பிரண்டைச் சாரம் கொடுத்தார்கள். வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை பெற்ற குழு அதில் இல்லை. கேமரூனில் 2006-ல் உடல் எடைக்காக ஒரு சோதனை நடந்தது, எடையும் கொழுப்பும் குறைந்தன. அந்தக் கலவையில் பச்சைத் தேயிலை, குரோமியம், சோயா என்று பல கூட்டாளிகள் இருந்ததால் பிரண்டையின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குள் மேல்நாட்டு உடற்பயிற்சிக் கடைகளில் "சிஸ்ஸஸ்" டப்பாக்கள் அடுக்கப்பட்டுவிட்டன.

மூலத்துக்கு வாழைப்பழத்தில் வைத்து விழுங்கிய தாய்லாந்தில், இன்று அதே பிரண்டைப் பொடி மாத்திரையாக அந்நாட்டு மூலிகை மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அங்கேயே 2010-ல் 500-க்கும் மேற்பட்ட மூல நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பிரண்டை, ஒரு பிரிவுக்கு ஆங்கில மருந்து, ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் குணமடைந்தன. கடுமையாக வந்த மூலம் பலருக்குச் சில நாளில் தானாகவே அடங்கும், அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பேர் போய்விடும்.

எலும்புக்கும் இதே கதைதான். முறிந்த எலும்பு நேராக, அசையாமல் இருந்தால் பெரும்பாலும் தானே கூடும். முதலில் ரத்தக்கட்டு, இரண்டு மூன்று வாரத்தில் மிருதுவான இணைப்பு, பிறகு அது கெட்டிப்பட்டு, மாதக்கணக்கில் செதுக்கப்பட்டுப் பழைய உருவம் பெறும். மாவுக்கட்டும் தகடும் செய்வதெல்லாம் அது கூடும்வரை பிடித்துக்கொண்டிருப்பதுதான். அப்படிக் கூடியவர் தினமும் பிரண்டையும் சாப்பிட்டிருந்தால் பிரண்டை என்பார், முட்டை சாப்பிட்டிருந்தால் முட்டை என்பார். இதனால்தான் ஒருவருடைய அனுபவம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சான்றாகப் போதாமல் போகிறது. உடுப்பா ஒரு பகுதி விலங்குகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் வைத்துப் பார்த்தது இதற்காகத்தான்.

ஆக என் முடிவு இது. எலும்பு விஷயத்தில் பிரண்டைக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. அறுபது ஆண்டுகளாகச் சான்று ஒரே திசையில் கையைக் காட்டுகிறது. ஆனால் அந்தச் சான்றில் பெரும்பகுதி எலியுடையது. பெரிய அளவில், பல மருத்துவமனைகளில், மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய மருந்து இது. வேலி வேலியாக அந்தக் கொடி படர்ந்து கிடக்கும் நம் மாநிலத்தில் சித்த மருத்துவக் கல்லூரியும் எலும்பு சிகிச்சைத் துறையும் சேர்ந்து இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அதுவரை துவையல் உணவு, பயமில்லாமல் சாப்பிடலாம். வாரத்துக்கு ஒருநாள், சூடான சோறும் நல்லெண்ணெயுமாக. சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்ஸலேட்டை நினைத்து அளவாக இருக்கட்டும். சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடிக்கும் வயலோரத்திலும் பறிக்காதீர்கள். ஒரு சாண் தண்டை ஒடித்து இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் தொட்டியில் நட்டால் மொட்டை மாடியிலேயே வளரும். தண்ணீர் அதிகம் ஊற்றினால்தான் அழுகும். மாத்திரையும் சாரமும் மருந்து. கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் மருத்துவரிடம் டப்பாவைக் காட்டாமல் ஆரம்பிக்க வேண்டாம். எலும்பு முறிந்தால் முதல் வேலை எக்ஸ்ரே.

அந்த வாசகியின் மாமியாருக்கு அறுவை முடிந்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாராம். துவையல் கேட்கிறாராம், கொடுக்கலாமா என்று மறுபடி கடிதம். தாராளமாகக் கொடுங்கள் அம்மா, கணுவை மட்டும் கவனமாக எடுத்துவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் பிரண்டையின் அரிப்பை எப்படி எடுப்பார்கள், எந்த மாதம் பறிப்பார்கள், எந்த வகைப் பிரண்டையை ஒதுக்குவார்கள் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் நாலு வரியோடு நிறுத்தாமல் நாலு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்